ஈயம் இல்லை என்று எழுதியவன்

திட்டக்குடி
7-7-1969

தம்பி அர்ச்சுனனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் மாமாவுக்கு மட்டும் சளி விடவில்லை.

இந்த வருஷம் எனக்கு ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத்தைக் கொடுத்துவிட்டார்கள். முதல் பாடமே பருப்பொருளும் அதன் பண்புகளும். "இடத்தை அடைத்துக்கொள்வதும் எடை உடையதும் பருப்பொருள்" என்று பிள்ளைகள் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறார்கள். இந்த அறையில் இருக்கிற காற்று பருப்பொருளா என்று கேட்டால் நாற்பது பேரும் "இல்லீங்க டீச்சர்" என்கிறார்கள். காலி டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கிக் காட்டினேன். தண்ணீர் உள்ளே ஏறவில்லை. ஒருத்தி எழுந்து, "உள்ள யாரு டீச்சர் தடுக்கறது?" என்று கேட்டாள். இரண்டு நாள் தொண்டை வறளப் பேசியதற்கு அந்த ஒரு கேள்விதான் பலன்.

எங்கள் ஆய்வறையில் ஒரு தராசும் நாலைந்து சீசாவும் தவிர ஒன்றும் இல்லை. நீ பீங்கான் கம்பெனி லேபில் உட்கார்ந்திருக்கிறாய். பார்க்க ஒன்றுபோல இருந்து குணத்தில் வேறாக இருக்கிற பொருள்கள் நாலைந்து அனுப்பு.

கொளஞ்சி எப்படி இருக்கிறாள்? நான் கேட்டேன் என்பதற்காக அவளுக்கு உங்கள் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தாய். புருஷன் செத்து அண்ணன் வீட்டில் ஒண்டிக்கிடந்தவள், இரண்டு வருஷமாகத் தன் சோற்றைத் தானே தின்கிறாள். ஐந்தாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். வயிற்றுவலி என்று போன மாதம் யாரிடமோ சொல்லியனுப்பியிருந்தாள். பார்த்து எழுது.

அக்கா
சொர்ணாம்பாள்


விருத்தாசலம்
16-7-1969

அக்காவுக்கு அர்ச்சுனன் எழுதுவது.

திட்டக்குடி பஸ் கண்டக்டர் கலியமூர்த்தியிடம் ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். நாலு பொட்டலம், மூன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

வெள்ளை மூன்றும் கலந்துவிட்டால் எனக்கே அடையாளம் தெரியாது. அதனால் நம்பர் போட்டிருக்கிறேன். முதலாவது களிமண். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். இரண்டாவது பெல்ஸ்பார். பிசைந்தால் உதிரும், சூளையில் வைத்தால் உருகும். மூன்றாவது குவார்ட்ஸ். பிசையவும் வராது, எங்கள் சூளைச் சூட்டுக்குத் தனியாக உருகவும் செய்யாது. மூன்றையும் சேர்த்துத்தான் கப்பும் ஜாடியும் செய்கிறோம்.

சிவப்புப் பொட்டலம்தான் விசேஷம். மற்றவற்றின் அளவேதான் இருக்கும், தூக்கிப் பார்த்தால் மூன்று மடங்கு கனக்கும். அடர்த்திக்கு இதைவிட நல்ல உதாரணம் உனக்குக் கிடைக்காது. ஈயச் செந்தூரம். ஜாடிக்கு மேல்பூச்சில் பளபளப்பைத் தருவது அதுதான். ஆனால் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதே. பிள்ளைகள் கையில் கொடுக்காதே. தூசி மூக்கிலோ வாயிலோ போகக் கூடாது. ஈயம் உடம்பில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. அப்படியே ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு மூடி, வெளியிலிருந்து காட்டு. போதும்.

கொளஞ்சியக்கா சலிப்புக் கொட்டகையில்தான் இருக்கிறது. மேல்பூச்சுத் தூளைச் சல்லடையில் சலிக்கிற வேலை. நிழலில் உட்கார்ந்து செய்வது, கஷ்டமில்லை. உடம்பு சரியில்லை என்று கொஞ்ச நாளாக லீவில் இருக்கிறது போலிருக்கிறது. விசாரிக்கிறேன்.

அர்ச்சுனன்


திட்டக்குடி
24-7-1969

அர்ச்சுனா,

பாடம் நன்றாக நடந்தது. சிவப்புச் சீசாவைக் கையில் வாங்கியவளெல்லாம் கனம் தாங்காமல் "அம்மாடி" என்றாள்.

வகுப்பு முடிந்து சீசாவை அலமாரியில் வைக்கும்போதுதான் இந்தச் சிவப்பை எங்கே பார்த்தோம் என்று நினைவுக்கு வந்தது. பொங்கலுக்கு மறுநாள் கொளஞ்சி இங்கே வந்திருந்தாள். அவள் நகக்கண்ணில் இது இருந்தது. புடவை மடிப்பில் இருந்தது. வகிட்டிலும் இருந்தது.

விதவையின் வகிட்டில் சிவப்பைப் பார்த்ததும் நான் என்ன நினைத்திருப்பேன் என்று உனக்கு எழுதக் கூசுகிறது. நினைத்ததோடு விடவில்லை. "ஊரு பாக்கற மாதிரி நடந்துக்க" என்று சொல்லியனுப்பினேன். அவளுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டு போனாள்.

நீ எனக்கு, பொட்டலத்தைப் பிரிக்காதே, தூசி மூக்கில் போகக் கூடாது என்று எழுதுகிறாய். கொளஞ்சி சலிக்கிறது இதைத்தானா? வெறுங்கையாலா? நேராகப் பதில் எழுது.

சொர்ணம்


விருத்தாசலம்
3-8-1969

அக்கா,

நீ வாத்தியார். கேள்வி கேட்பது உன் வழக்கம். ஆனால் தொழிற்சாலை வேறு, பள்ளிக்கூடம் வேறு.

செந்தூரத்தை அப்படியே பயன்படுத்துவதில்லை. குவார்ட்ஸோடு சேர்த்து உலையில் உருக்கி, அந்தக் குழம்பைத் தண்ணீரில் ஊற்றினால் கண்ணாடிச் சில்லுகளாகத் தெறிக்கும். அதை அரைத்துத்தான் மேல்பூச்சுத் தூள். வெறுமனே கலந்து வைத்தால் கலவை. அதில் ஈயம் ஈயமாகவே இருக்கும், வயிற்றுப் புளிப்பில் கரையும். உருக்கிக் கண்ணாடியாக்கிவிட்டால் ஈயம் அதற்குள் பிணைந்துகொள்ளும், சுலபத்தில் கரையாது. உன் பாடப்புத்தகத்தில் கலவைக்கும் சேர்மத்துக்கும் சொல்கிற வித்தியாசம் மாதிரி என்று வைத்துக்கொள். உருக்கித்தான் பயன்படுத்த வேண்டும் என்பது எல்லாக் கம்பெனியிலும் முறை.

கொளஞ்சியக்காவுக்குக் கையில் வாதம் என்கிறார்கள். இங்கே டாக்டர் பார்த்து மருந்து கொடுத்திருக்கிறார். இப்போது அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது. நீ வீணாக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நான் இங்கே பத்துப் பேருக்குப் பதில் சொல்லி வேலை பார்க்கிறவன். இதை வெளியில் யாரிடமும் பேசாதே.

அர்ச்சுனன்


திட்டக்குடி
18-8-1969

அர்ச்சுனா,

உருக்க வேண்டும் என்பது முறை என்று எழுதியிருந்தாய். உருக்குகிறோம் என்று எழுதவில்லை. மூன்று முறை படித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மங்கலம்பேட்டையில் இறங்கி, அவள் அண்ணன் வீட்டுக்கு நடந்தே போனேன். கொளஞ்சி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடப் பார்த்தாள். வலது கை மணிக்கட்டோடு மடிந்து தொங்கியது. தூக்க முடியவில்லை. இடது கையால் அதைப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஏதோ அடுத்தவர் வீட்டுப் பொருளை எடுத்து வைப்பதுபோல.

"சோறு தின்ன முடியல, ஜடை பின்ன முடியல. எவளோ செய்வினை வெச்சிட்டான்னு அண்ணி சொல்றாங்க" என்றாள்.

வேலைக்குக் கட்டிய பழைய புடவை துவைக்காமல் கொடியில் கிடந்தது. அதில் ஒரு முழம் கிழித்துக் கொண்டுவந்தேன். இன்று காலை ஆய்வறையில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் அலசி, வடிகட்டி, பொட்டாசியம் அயோடைடு இரண்டு சொட்டு விட்டேன். மஞ்சளாகத் திரண்டு அடியில் இறங்கியது. அது என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக்குள் பிணைந்த ஈயம் இவ்வளவு சுருக்காகக் கரைந்து வராது.

இதோடு முடிந்திருந்தால் உன் முதலாளியைத் திட்டிவிட்டு இருந்திருப்பேன். மருந்துச் சீட்டுகளோடு கம்பவுண்டர் சேர்த்துக் கொடுத்த ஒரு டைப் அடித்த காகிதத்தையும் அவள் மடித்து வைத்திருந்தாள். விருத்தாசலத்து டாக்டர், இந்தப் பெண் வேலையில் ஈயத்தைக் கையாளுகிறாளா என்று கம்பெனிக்குக் கேட்டு எழுதியிருக்கிறார். அதற்குக் கம்பெனி அனுப்பிய பதில். "சலிப்புப் பிரிவில் ஈயம் கையாளப்படுவதில்லை." கீழே உன் கையெழுத்து. அதை நம்பி அவர் வாதத்துக்கு வைத்தியம் செய்திருக்கிறார்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. "தம்பி கையெழுத்துன்னு கம்பவுண்டரு சொன்னாரு. என்னா எழுதியிருக்குது சொர்ணம்?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு நல்லா மருந்து குடுக்கச் சொல்லி எழுதியிருக்கான்" என்றேன்.

அவள் அந்தக் காகிதத்தை இடது கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அர்ச்சுனன் நல்ல புள்ள" என்றாள்.

உன்னைக் காப்பாற்ற என் வாய் அவ்வளவு சீக்கிரம் பொய் சொல்லும் என்று எனக்கே தெரியாது. இனி இந்த வீட்டுப் படி ஏறாதே. காகிதம் என்னிடம் இருக்கிறது.

சொர்ணாம்பாள்


விருத்தாசலம்
29-8-1969

அக்காவுக்கு,

பத்து நாளாக எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து இதை அனுப்புகிறேன்.

போன தீபாவளிக்கு முன்னால் உருக்கும் உலையின் உட்சுவர் வெடித்துவிட்டது. அடுப்புச் செங்கல் வரும்வரை செந்தூரத்தைப் பச்சையாகவே கலந்து பூசிவிடுவோம் என்றார் மானேஜர் விருத்தகிரி. "ஜாடி சூளையில வேகும்போது எப்படியும் உருகத்தானே போவுது?" என்றார். ஜாடி வெந்தால் உருகும்தான். அதற்கு முன்னால் அந்தத் தூளை அரைத்துச் சலிக்கிறவர்கள் இருக்கிறார்களே என்று நான் ஒருமுறை சொன்னேன். "செங்கல் வந்துடும்யா" என்றார். செங்கல் வரவில்லை. அதன் பிறகு நான் கேட்கவும் இல்லை.

நான் செய்தது என்ன தெரியுமா? சலிப்புக் கொட்டகைக்குள் போவதை நிறுத்திக்கொண்டேன். வாசலில் நின்று, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, மாதிரித் தூளை வெளியில் கொண்டுவரச் சொல்வேன். கொண்டுவந்து கொடுத்தது பெரும்பாலும் கொளஞ்சியக்காதான். "சாருக்குச் சளியா?" என்று ஒருநாள் கேட்டது. ஆமாம் என்றேன்.

டாக்டர் கடிதம் வந்த அன்று மானேஜர் என்னை அழைத்து உட்காரவைத்து டீ வரவழைத்தார். பதில் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. "கெமிஸ்டு கையெழுத்து இருந்தாத்தான் டாக்டரு நம்புவாரு" என்றார். பேனாவை அவரே திறந்து கொடுத்தார். யாரும் என்னை மிரட்டவில்லை அக்கா. மிரட்டியிருந்தால் இப்போது சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் காகிதத்தைக் கொளுத்திவிடு. அந்த அக்காவை நல்ல ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற பொறுப்பு என்னுடையது. ஆனால் அந்தக் காகிதம் வெளியில் போனால் நான் எங்கும் வேலைக்குப் போக முடியாது.

அர்ச்சுனன்


திட்டக்குடி
4-9-1969

அர்ச்சுனா,

கொளுத்தவில்லை. கொளுத்தலாமா என்று ஒரு பொழுது யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அடுப்படிவரை கொண்டுபோனேன்.

வரும் புதன்கிழமை கொளஞ்சியைப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். ஈயத்தை உடம்பிலிருந்து பிரித்து வெளியேற்றுகிற மருந்து அங்கே இருக்கிறதாம். எவ்வளவு காலம், எவ்வளவு தூள், எந்த நிலையில் என்று தெரிந்தால்தான் டாக்டர் ஆரம்பிப்பார். அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவன்தான்.

வா என்று சொல்லமாட்டேன். வந்தால் உண்மையை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா.

சொர்ணாம்பாள்


விருத்தாசலம்
21-9-1969

அக்காவுக்கு,

புதன்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வந்ததையும், நீ என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனதையும் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நீ போன பிறகு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். உனக்குத் தெரிய வேண்டும்.

டாக்டர் என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். முந்தைய கடிதம் பொய், ஏறக்குறைய பத்து மாதமாகப் பச்சைச் செந்தூரம்தான் என்று எழுதியிருந்தேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. என்னைக் கட்டிலருகே அழைத்துப் போய், கொளஞ்சியக்காவின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் பென்சிலால் இழுத்தமாதிரி ஒரு கருநீலக் கோடு. "ஈயம் எழுதற எழுத்து இதுதான். இதப் பாத்திருந்தா உங்க லெட்டரே தேவப்பட்டிருக்காது. உங்க மொத லெட்டர் வந்ததால யாரும் பாக்கல" என்றார்.

அவர் போன பிறகு நான் நின்றுகொண்டே இருந்தேன். அந்த அக்காவின் கையைப் பலகையில் நிமிர்த்தி வைத்துக் கட்டியிருந்தார்கள்.

"யக்கா, டாக்டருக்கு முன்னாடி போன காயிதம் நான் எழுதனது. ஈயம் இல்லன்னு எழுதனேன். பொய்யி" என்றேன்.

கொளஞ்சியக்கா என் பக்கம் திரும்பியது. திட்டும், அழும் என்று நினைத்தேன். எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"தனக்கோடிகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டது.

எனக்குப் புரியவில்லை.

"தனக்கோடி, காசியம்மா, ஆண்டாளு... கொட்டாயில இன்னும் ஆறு பேரு சலிக்கிறாங்களே தம்பி. அவங்ககிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்து சொல்ற? என் கைதான் போயிடுச்சே."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வழியெல்லாம், மன்னிப்புக் கேட்டுவிட்டேன், மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உளுந்தூர்பேட்டை தாண்டும்போதுதான் ஒன்று தெரிந்தது. அந்த அக்கா கேட்கும்வரை அந்த ஆறு பேர் முகம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் மானேஜரிடம் சொன்னேன். நான் முடிப்பதற்குள் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். இப்போது எனக்கு வேலை இல்லை.

அர்ச்சுனன்


திட்டக்குடி
30-9-1969

தம்பி,

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். ஊசி போடுகிறார்கள். நடுவிரல் மட்டும் கொஞ்சம் நிமிர்கிறது. முழுசாகத் திரும்புமா என்று டாக்டர் சொல்லவில்லை.

என் பங்கையும் நான் சொல்லிவிட்டேன். அந்தக் காகிதத்தில் இருந்ததை மாற்றிச் சொன்னதை. அதற்கு அவள், "தம்பிய வுட்டுக் குடுக்க முடியுமா?" என்று பெரிதுபடுத்தாமல் விட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொங்கலுக்கு மறுநாள் அவள் வகிட்டைப் பார்த்து நான் நினைத்ததையும் சொன்னேன். சொல்லிவிட்டால் என் மனசு இறங்கும் என்ற ஆசைதான்.

"ஊரே அப்பிடித்தான் நெனச்சிது. எங்கண்ணி ஒரு மாசம் எங்கிட்ட பேசல. நீ மட்டும் நெனைக்கலன்னு இருந்தேன் சொர்ணம்" என்றாள்.

அவளுக்குத் தலை சீவிப் பின்னிவிட்டு வந்தேன். சீவும்போது அந்த வகிட்டைப் பார்க்காமல் எப்படிச் சீவுவது?

அந்த ஆறு பேரிடம் போனாயா, இல்லையா?

அக்கா


விருத்தாசலம்
19-10-1969

அக்காவுக்கு,

போனேன். எழுதத் தாமதமானதற்குக் காரணம், முதல் நாலு தடவையும் யாரும் என்னிடம் பேசவில்லை.

உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கம்பெனி கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நிற்பேன். வேலை போன ஆத்திரத்தில் கம்பெனியைப் பற்றிக் கதை கட்டுகிறேன் என்று மானேஜர் சொல்லிவைத்திருந்தார். அவர்களும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஐந்தாம் நாள் தனக்கோடி நின்றாள். என் அம்மா வயது இருக்கும்.

"நீங்க இப்ப வந்து சொல்றீங்க. நேத்துவரைக்கும் சாரு, சாருன்னு தூளு எடுத்தாந்து குடுத்தோமே, அப்ப எங்க போயிருந்தீங்க?"

"வாசல்ல நின்னேன். மூக்க மூடிக்கிட்டு நின்னேன்" என்றேன்.

அவள் போய்விட்டாள். ஆனால் மறுநாள் தானாகவே வந்தாள், நாலு பேரை அழைத்துக்கொண்டு. உருகுதல், பிணைதல் என்று படித்தமாதிரி ஆரம்பித்தேன். "அதெல்லாம் வாணாம், நாங்க என்னா செய்யணும்னு சொல்லுங்க" என்றாள் ஆண்டாள். உலை சரியாகும்வரை அந்தத் தூளைத் தொடாதீர்கள், இது கடலூர் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு நான் எழுதிய மனு, சேர்ந்து கைநாட்டு வைத்தால் வருவார் என்றேன். "வேலைய வுட்டு நிறுத்திட்டா?" என்று கேட்டாள். நிறுத்தலாம் என்றேன். ஒருத்தி எழுந்து போனாள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு, வாயைக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் இவர்களோடு நின்று பேசியிருக்கிறேன். ஒருத்தியின் முகத்தையாவது நிமிர்ந்து பார்த்திருந்தால் அந்தக் கோடு கண்ணில் பட்டிருக்கும்.

டீக்கடையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தனக்கோடிதான் வெயில் படும்படி தள்ளி வந்து நின்று, மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். வெற்றிலைக் கறையாக இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு பார்த்தேன். வெற்றிலைக் கறை இல்லை.

உதட்டை விட்டுவிட்டு, "இருக்குதா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல அக்கா, அப்போதும் என் வாய் துடித்தது.

"இருக்குது" என்றேன்.

அவள் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "காசியம்மா, நீ வா. வந்து வெளிச்சத்துல காட்டு" என்றாள்.